சவரிமுத்து வந்து கேட்டது

விழுப்புரம், 10-11-1948, புதன்.

காலையில் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். வளவனூரில் கரும்பு வண்டி ஓட்டும் சவரிமுத்து வந்தான். குடியை விட்டு இரண்டு நாள் ஆகிறதாம்.

"கம்பவுண்டர் சார், மதுவிலக்குன்னு இங்க கள்ளுக்கடைய மூடிட்டாங்க. ஆனா காலு தானா கண்டமங்கலம் தாண்டி, கடை தொறந்திருக்கற பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரி பக்கம் போவுது. ரெண்டு நாளு உங்க வூட்டுல வெச்சுப் பூட்டிடுங்க."

வெள்ளிக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இவனை எங்கே வைத்துக்கொள்வது? "மோரு குடி, மனச அடக்கு. ஞாயித்துக்கெழம கழிச்சு வா" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

மாலையில் அவன் மனைவி அந்தோணியம்மாள் மழையில் நனைந்துகொண்டு வந்தாள்.

"உங்களாண்ட யோசனை கேக்கப் போறேன்னு கெளம்பினாருங்க. இன்னும் வூடு திரும்பல. கண்டமங்கலத்துல பஸ்ஸ வுட்டு எறங்கினாராம், பாத்தவங்க சொல்றாங்க. இங்க வந்தாருங்களா?"

"வரலையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் நம்பிவிட்டாள்.

"அதானே. உங்களப் பாத்திருந்தா அங்க போயிருக்க மாட்டாருங்க" என்று சொல்லிவிட்டு மழையிலேயே திரும்பி நடந்தாள்.

மழை இன்னும் விடவில்லை. காலையில் முதல் பஸ்ஸுக்குக் கண்டமங்கலம் போகிறேன். அதுவரை அவனுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும்.