பதாகையில் அடித்த தோற்றம்

லிங்கநகர்,
திருகோணமலை.

அன்பு மகன் கஜீபனுக்கு,

அப்பாவும் தங்கச்சி லக்சனாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். கனடாவில் நீயும் மருமகளும் பிள்ளையும் அப்படியே இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் முடிந்து நாலு நாளாகிறது. செத்தவீட்டுக்கு வர லீவு இல்லை என்றாய், நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நீ அங்கிருந்து சொல்லி அடிப்பித்த பதாகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க ஏலாது. முப்பத்தோராம் நாளன்று வாசலை மறைத்துக் கட்டினார்கள். பட்டுச்சேலையும் அட்டியலுமாய், வெள்ளைவெளேரென்று ஒரு பெண். உனக்கு மூன்று வயதில், பற்றியெரிந்த மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து உன்னை இழுத்தபோது அம்மாவின் கன்னம் கருகியதே, அந்தத் தழும்பைக் காணவில்லை. அம்மாவோடு இருபது வருடம் ஒரே தையல்கடையில் வேலை செய்த ரபீக்கா கிண்ணியாவில் இருந்து வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, இது வேறு யாருடைய வீடோ என்று சந்தி வரைக்கும் திரும்பிப் போய்விட்டார். லக்சனா ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். "இது எங்கட புவனேசு இல்லையே" என்று அவர் அழுதபோது என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

அன்றைக்கே உனக்குத் தொலைபேசி எடுத்தேன். "தோற்றம் வடிவா இருக்கவேணும் அப்பா, நாலு பேர் பார்க்கிறதெல்லோ" என்றாய். படத்துக்குக் கீழேயும் அதே சொல்லைத்தான் அடிப்பித்திருந்தாய், தோற்றம் 1958 என்று. துறைமுகத்தில் முப்பது வருடம் லிகிதராய் எழுத்துவேலை பார்த்தவன், அகராதியை எடுத்துப் பார்த்தேன். தோன்றுவது தோற்றம். இல்லாத ஒன்று வெளிப்பட்டு வருவது, அதனால்தான் பிறப்புக்கும் அந்தச் சொல், கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கும் அந்தச் சொல். பதாகைக் கடையில் முகத்துக்கு வெள்ளையடிப்பதற்கு அங்கே அர்த்தம் போடவில்லை. "நாங்கள் தோற்றம்" என்று, தோற்றுப்போனதை எங்கட ஆட்கள் கதைக்கும்போதும் அதே எழுத்துத்தான். உன்னைப் படிப்பித்து அனுப்பிய எங்களுக்கு அதுதான் பொருந்தும்.

பதாகையை நானே அறுத்து இறக்கினேன். "அண்ணாட மனம் நோகும்" என்று லக்சனா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு மாட்டினேன், நேற்று அவளே கண்ணாடியைத் துடைத்துப் பூ வைத்தாள். தழும்பு நன்றாகத் தெரிகிறது.

கோபத்தில் எழுதினாலும் நீ என் பிள்ளை, குடும்பத்தோடு நீடித்து வாழவேண்டும். நெஞ்சுச்சளிக்கு மருந்தை விடாமல் எடு. வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்காவது வா. வரும்போது உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா, பதாகையில் இருந்த பெண்ணைத்தான் அவள் அப்பம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. பாக்கியரத்தினம்