மகுடீஸ்வரனுக்கு ஒரு வாணம்

ஜூலை 13, ஞாயிறு

ஜப்பானில் நீகாத்தா என்றால் எல்லோரும் பனியைத்தான் சொல்வார்கள். இந்த ஜூலைப் புழுக்கத்தை ஒருவரும் சொல்வதில்லை. காலையில் போட்ட துணி இன்னும் ஈரம்.

சாயங்காலம் மீன்கடைக் கோமுரா வந்தார், கையில் இரண்டு கானாங்கெளுத்தி. உள்ளே வாங்க என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினார். வந்த காரியத்தைச் சொல்ல இன்னும் அரை மணி நேரம். இந்த ஊரில் ஒரே வருஷம் பிறந்தவர்கள் சாகிறவரைக்கும் ஒரு செட்டு. இருபது, முப்பத்து மூன்று, நாற்பத்திரண்டு, அறுபது என்று வயது திரும்பும்போது கோயில் திருவிழாவில் சேர்ந்து வாணம் விடுவார்கள். ஏழு வருஷம் முன்பு, "பள்ளிக்கூடம் வேறயா இருந்தா என்னங்க, பொறந்த வருசம் ஒண்ணுதானே" என்று என் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டார்கள். மகுடீஸ்வரன் அவர்கள் வாயில் மகு ஆனார். செட்டுக்குக் கோமுராதான் தலைவர்.

"வர்ற மாசம் எங்க நாப்பத்திரண்டு வாணம்ங்க. அதுக்கு முன்னால மகுவுக்குன்னு தனியா ஒண்ணு விடலாம்னு எல்லாரும் ஆசப்படறோம். உங்க வீட்டுல சரின்னாத்தான்."

(இவர் பேச்சை எழுதினால் திருப்பூர்ப் பேச்சாகவே வருகிறது. அப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசுகிறார்.)

எனக்குச் சுருக்கென்றது. ஜனவரியில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. இழவு வீட்டில் வருஷம் திரும்புகிறவரை ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்த மாட்டோம். இவர்களோ இழவுக்கென்றே வாணம் விடுகிறவர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். வாணம் போகுமுன் வாசிக்கிற வரியையும் அதற்குள் கொடுக்க வேண்டும், திருவிழாப் புத்தகத்தில் அச்சாகும்.

ஜூலை 14

கானாங்கெளுத்தியைக் குழம்பு வைத்தேன். ஒருத்திக்கு இரண்டு மீன் அதிகம்.

ஜூலை 16, புதன்

நான் வேலை பார்க்கிற பின்னலாடை மில்லில் கழுத்துப்பட்டி தைக்கிற இகுயோ அக்காவிடம் சொன்னேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "வேண்டாங்கிறது நீயா, மகுவா?" அந்த மனுஷனைக் கேட்டால் ரெண்டாக விடச் சொல்வார்.

அவளுடைய அப்பா வாணத்தை நானும் அவரும் சேர்ந்து பார்த்திருக்கிறோம், மூன்று வருஷம் முன்பு. ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்: "அப்பா, லாரிய வித்துட்டோம். கோவிச்சுக்காதீங்க." ஆற்றங்கரை மொத்தமும் சிரித்தது. அடுத்த நிமிஷம் வாணம் மேலே போனது, ஒரு சத்தம் இல்லை. ஊரார் அத்தனை பேரும் அண்ணாந்து அந்த லாரிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வாணம் கொத்தாகப் போகாது. ஒருவருக்கு ஒன்று. பிள்ளை பிறந்தால், கல்யாணம் ஆனால், கடையை மூடினால், ஆள் போனால். வருஷம் முழுக்க வாயைத் திறக்காத சனம், இந்த ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வந்த முதல் வருஷமே இவர்களிடம் நான் மயங்கியது இதில்தான்.

அக்கா சொல்வது சரி. எனக்கு வேண்டும். ஊரில் இருக்கிற அவர் அம்மா, அத்தையிடம் கேட்கத்தான் பயம்.

ஜூலை 18, வெள்ளி

கேட்டேன்.

"உனக்கென்ன அம்மிணி புத்தி கெட்டுப்போச்சா? இன்னும் ஆறு மாசம் முடியல. அதுக்குள்ள வாணம் உடறியா? ஊரே நின்னு கைதட்டோணுமா? மொகத்தைக்கூடப் பாக்க உடாம அங்கயே எரிச்சுப்போட்டுப் பானையாத்தான கொண்டாந்து குடுத்தே."

போனை வைத்துவிட்டார்கள்.

பானையாத்தான். ஆமா, பானையாத்தான் கொண்டுபோனேன். நான் வேற என்ன பண்ணியிருக்கணும்? மடியில வச்சுக்கிட்டு ரெண்டு பிளேன் மாறி — போகட்டும். பெத்தவங்க. எனக்கு இருக்கிற வலி அவங்களுக்கு இல்லாமலா?

ஜூலை 21, திங்கள்

லீவு. கோமுரா கடைக்குப் போய், "ஊர்ல அம்மா ஒத்துக்கல, வேண்டாங்க" என்றேன். தலை குனிந்து, "சரிங்க" என்றார். ஏன், எதற்கு, ஒன்றும் இல்லை. ரெண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

ஜூலை 22

அத்தையே கூப்பிட்டார்கள். கோபம் இறங்கவில்லை, ஆனால் குடைச்சல்.

"அந்த மீன்காரன் என்ன சொன்னான்?"

"சரின்னுட்டுப் போயிட்டாருங்க."

"சண்டைக்கு வரலையா? அது சரி, எழவுக்கு வாணம் உடறவங்க அப்படி என்னதான் படிப்பாங்க அதுல?"

போன வருஷப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முப்பத்தொன்றாம் வாணத்தின் வரியைத் தமிழில் சொன்னேன்: 'ஃபூசா அக்கா, உங்க நாய் இப்ப எங்க வீட்டுலதான். ரொம்பத் திங்குது.'

"கூடப் பொறந்தவளா?"

"இல்லீங்க, பக்கத்து வீடு."

"ம். இன்னொன்னு படி."

ஜூலை 23

ஆறு படித்தேன்.

ஜூலை 25, வெள்ளி

இன்றைக்குப் பதினொன்று. படிக்கப் படிக்க அத்தை விசாரணை நடத்துகிறார்கள். யார் மகன், என்ன சீக்கு, எத்தனை பிள்ளைகள், நிலம் இருக்கிறதா. எனக்கெப்படித் தெரியும்? தெரிந்தவர்களைச் சொன்னேன், தெரியாதவர்களுக்கு நானே நிலம் வாங்கிக் கொடுத்தேன். அறுபது வயது செட்டு, செத்துப்போன மூன்று பேர் பெயரையும் சேர்த்து, 'எல்லாரும் வந்தாச்சு, ஆரம்பிக்கலாம்' என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் போதும் என்றுவிட்டார்கள்.

ஜூலை 28, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அத்தையிடமிருந்து போன். அங்கே காலை எட்டரை.

"நம்மூர்ல பாடையத் தூக்குனா தப்பட்டையடிச்சு, வெடி போட்டுத்தான கொண்டுபோவோம். என்ற பையனுக்கு அதுகூட இல்லாமப் போச்சு. ராத்திரி பூரா இதேதான் ரோசனை." மூக்கைச் சிந்துகிற சத்தம். "உடச் சொல்லு அம்மிணி. அவங்களாவது போடட்டும். படிக்கிறதுக்கு நாஞ் சொல்றத எழுதிக்க."

சொன்னார்கள். மில் வாசலில் நின்றபடி கையில் எழுதிக்கொண்டேன். இகுயோ அக்கா என் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். சாயங்காலமே கோமுராவிடம் கொடுத்தேன். ஜப்பானிய மொழியில் எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தார். மீன் வெட்டுகிற கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 31

விழா வாசிப்பாளர் ததேனோ என்று ஒரு பெண் கூப்பிட்டாள். "மகு-ன்னே படிச்சுடலாம்னாங்க. எனக்கு அது சரியாப் படல. முழுப் பேரைச் சொல்லிக் குடுங்க." சொன்னேன். திருப்பிச் சொன்னாள். கேட்கவே பாவமாக இருந்தது.

ஆகஸ்ட் 5

மறுபடி ததேனோ. 'டீ'யில் வந்து முட்டிக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 19

ததேனோ, நாலாவது தடவை. அந்தப் பொறுமை எனக்கு வராது. நான் சொல்வதை ரெகார்டு செய்துகொண்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

வந்து குளித்தேன், இன்னும் தலைமுடியில் புகை வாசம்.

ஏழரைக்குத் தொடங்கியது. செட்டு ஆட்கள் நீலச் சட்டையில் ஆற்றோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு சட்டை. அவருக்கு அளவெடுத்தது, எனக்கு முட்டி வரைக்கும் வந்தது. "கூடாரமாட்டம் இருக்கு, நாங்க ரெண்டு பேர் உள்ள வந்துக்கலாம்" என்று கோமுரா கேலி செய்தார். காற்றே இல்லை. புகை நகரவில்லையே என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தோம். எட்டு மணிக்கு மலைப்பக்கமிருந்து லேசாக வீசத் தொடங்கியது. எண்பது வயதுக் கிழவர்கள்கூட "ஆ" என்றார்கள்.

ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. மேலே போகிற சின்ன விசில், அது நின்றபின் ஒரு இருட்டு, பிறகு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே வட்டம். பின்னல் மிஷினில் ஒரு கண்ணி தப்பினாலும் எனக்குத் தெரியும். இதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. எந்தக் கை இப்படி உருட்டி வைக்கிறது?

அவர் வாணமான எழுபத்து மூன்றாம் எண் வருமுன் அத்தையை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே வெயில், பின்னால் கொடியில் பாவாடை. "ஒரே இருட்டா இருக்குது, கைய எடு" என்றார்கள். கையில்லை அத்தை, வானம் என்றேன்.

ததேனோவின் குரல். "மறைந்த மகுடீஸ்வரன் அவர்களுக்கு, அவருடைய அம்மா." டீ-யும் ஸ்வ-வும் எல்லாம் பிசகாமல். கொடுமுடிக் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிற மாதிரி. பிறகு அத்தையின் வரி:

"அங்கயே இருந்துக்க சாமி. நல்ல சனமாத்தான் தெரியுது."

வாணம் போனது. பொன் நிறம். விரிந்து, அணையாமல், அப்படியே இறங்கி இறங்கி ஆற்றுத் தண்ணீர் வரைக்கும் வந்தது. நான் அழுதேன். மறைக்கவில்லை.

போனில், "ஏனம்மிணி, ஒருத்தருங் கைதட்டல?"

"கீழ வந்து அணையறவரைக்கும் தட்ட மாட்டாங்க அத்தை."

அணைந்தது. அப்புறம் தட்டினார்கள், இரண்டு கரையிலும். செட்டு ஆட்கள் எழுந்து நின்று "மகு! மகு!" என்று கத்தினார்கள். திரையில் அத்தையின் முந்தானை மட்டும் தெரிந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு ஆற்றங்கரை கூட்டப் போனோம். எனக்கு முன்னால் பாதி ஊர் அங்கே இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

அத்தை தாலுகா ஆபீஸுக்கு நேரே போயிருக்கிறார்கள், கல்லூர் பஸ்ஸைத் தவிர வேறு பஸ் ஏறாத மனுஷி. பாஸ்போர்ட் அங்கே இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். "அப்புறம் எங்கதான் குடுப்பாங்க? அடுத்த திருவிழாவுக்குள்ள வாங்கிப்புடலாமா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருக்கிறது. முதலில் அதைத் திருத்த வேண்டும்.