கொம்பனித்தெருவில் சாப்பிட்ட புரியாணி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
18.06.2025

அன்பு மகள் மதிவதனாவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மெல்பேர்ன் குளிரில் நீயும் தடிமன் காய்ச்சல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று கோணேசரைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பாவின் கையெழுத்தைக் கண்டதும் பயந்துவிடாதே பிள்ளை, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு இந்த ஐந்து மாதமாக நீ போன் எடுக்கும் நேரமெல்லாம் நான் கோழிக்குத் தீன் போடப் போவதுபோல முற்றத்துக்குப் போய் நின்றது உனக்குத் தெரியும். வாயால் சொல்ல வெட்கமென்றால் எழுதித் தொலையுங்கோவன் என்று அம்மா சொன்னார், அதுதான் எழுதுகிறேன். இங்கே அனல் அடிக்கிற கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே கால் வைக்க ஏலாது. அண்ணன் ரஞ்சன் கப்பல்துறை வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டான், ஓடு போடச் சொன்னேன், தகரம்தான் போட்டிருக்கிறான், மத்தியானத்தில் உள்ளே இருந்து பார்க்கும்போது என் சொல் அவனுக்கு விளங்கும். கிண்ணியா மைமூனா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், போன கிழமை இரண்டு சட்டி தயிர் கொண்டுவந்து தந்தார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நானும் அம்மாவும் கொழும்புக்குப் போய் மூன்று நாள் நின்றுவிட்டு வந்தோம். சும்மா ஊர் பார்க்கப் போவம் வா என்றுதான் அம்மாவைக் கூப்பிட்டேன். கலியாணம் கட்டி முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு நாளும் அப்படிக் கூட்டிப்போகாத மனிதன் கூப்பிட்டால் எந்தப் பெண்சாதிதான் நம்புவாள், பஸ் ஹபரணை தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வருத்தம், எந்த டொக்டரிட்டப் போறம், ஒளிக்காமச் சொல்லுங்கோ" என்று அழாத குறையாகக் கேட்டார். வருத்தம் ஒன்றுமில்லை, நீ கட்டப்போகிறேன் என்று சொன்ன தர்சனின் தாய் தகப்பன் கொட்டாஞ்சேனையில் நடத்துகிற சைவக் கடையை நாம் யாரென்று சொல்லாமல் ஒரு முறை பார்க்கவேண்டும் என்றேன். உண்மையைச் சொன்னால் குறை பிடிக்கத்தான் போனேன். இருந்து சாப்பிட்டுவிட்டு இன்ன குறை, இன்ன அழுக்கு என்று உனக்குச் சொல்லலாம் என்பதுதான் என் எண்ணம். அம்மா, "அட்ரஸ் என்னட்ட இருக்கு. ஆனா அங்க போய் நீங்க வாய் திறக்கப்படாது" என்றார். ஓம் என்றேன்.

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தோம். பின்னேரம் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். எங்களுக்குக் கடலிலிருந்து சூரியன் எழும்பித்தான் பழக்கம், அங்கே அது கடலுக்குள்ளே இறங்குகிறது, அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழுதாக இறங்கும்வரை அசையாமல் நின்றார். அதற்குப் பிறகு காலி வீதியில் ஒரு கடையில் கை நீளத் தோசை சாப்பிட்டோம். அம்மா மூன்று முறை சட்னி கேட்டு வாங்கினார், தன் கையால் சமைக்காத சாப்பாட்டைக் குந்தியிருந்து சாப்பிட இவ்வளவு ருசி என்று தெரியாமல் போச்சே என்று எனக்குக் கேட்கச் சொன்னார். சனிக்கிழமை புறக்கோட்டை. ஒரு குறுக்குத் தெரு முழுக்கத் துணி, அடுத்தது முழுக்கப் பிளாஸ்டிக் சாமான், அதற்கடுத்தது முழுக்க மணிக்கூடு, மூட்டை சுமக்கிற நாட்டாமைகள் ஓடிவந்து வழி கேட்கிற கேள்வியில் நான் இரண்டு முறை சாக்கடைக் கானுக்குள் கால் வைத்துவிட்டேன். அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. பலூடா குடித்தார், செட்டியார் தெருவில் நகைக்கடைக் கண்ணாடிகளை ஒன்றுவிடாமல் பார்த்தார், நடந்தே கொட்டாஞ்சேனைக்குப் போவம் என்றார்.

கடை சின்னதுதான், எட்டு மேசை இருக்கும். வாசலில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரிய மனிதர் நின்று, "வாங்க, வாங்க, கை கழுவிட்டு உக்காருங்க" என்றார். அவர்தான் தர்சனின் தகப்பன் மருதமுத்து. மலைநாட்டுப் பேச்சு, பொகவந்தலாவையில் இருந்து பத்தொன்பது வயதில் வந்தவராம். வாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல். நான் தேடினேன் பிள்ளை, ஒரு கல் இல்லை, ஒரு மயிர் இல்லை, மேசையில் ஒரு ஈ இல்லை. நாங்கள் எழும்பியதும் அந்த மனிதர் தானே வந்து எங்கள் இலையை மடித்தெடுத்துக்கொண்டு மேசையைத் துடைத்தார். முதலாளி, ஒரு ஆளைக் கூப்பிட்டுச் செய்விக்கலாம், அவர் கூப்பிடவில்லை. தைப்பொங்கலன்று உனக்கு நான் சொன்னது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. "எச்சில் கோப்பை கழுவுற தோட்டத்துச் சனத்துக்கா என்ட பிள்ளை" என்று சொன்னேன் அல்லவா, அதேதான்.

அதோடு திரும்பியிருக்கலாம். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை, ஞாயிறு காலையும் அங்கேயே போவம் என்றேன். இடியப்பமும் சொதியும் வந்தது. அன்றைக்குச் சொதி திரைந்து போயிருந்தது. பிடித்தேன் குறை என்று நான் நிமிர்ந்தால் அம்மாவைக் காணவில்லை, குசினிக்குள் போய்விட்டார். அடுப்பில் கொதிக்கக் கொதிக்கத் தேசிக்காய் பிழியப்படாது, இறக்கி ஆறவிட்டுத்தான் விடவேணும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. பிறகு ஒரு அரை மணித்தியாலம் உள்ளே குசுகுசுப்புத்தான். வெளியே வரும்போது தர்சனின் தாய் பவளம் அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறார், இரண்டு பேருக்கும் கண் சிவந்திருக்கிறது. "நாங்க ஆரெண்டு சொல்லிப்போட்டன்" என்றார் அம்மா. என்னை வாய் திறக்கப்படாது என்ற மனுசி! மருதமுத்து என்னைப் பார்த்தார். நான் கைகூடக் கழுவாமல் எழும்பி வெளியே போய்விட்டேன்.

எங்கே போகிறேன் என்றே தெரியாமல் நடந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். முப்பத்தொரு வருடம் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவனுக்கு அதுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு ஆறுதல்தான், ஆனால் கையில் சொதி காய்ந்துபோய் இருந்தது. பத்து நிமிடம் இருக்கும், பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம். மருதமுத்து தோளில் துவாயோடு, கையில் ஒரு போத்தல் தண்ணீரோடு நிற்கிறார். "கை கழுவாம வந்துட்டீங்க" என்று தண்ணீரை ஊற்றினார். நான் கழுவினேன். "நம்ம கடையில உக்காந்து இத பேச முடியாதுங்க, பொம்பளைங்க காது குடுத்துக்கிட்டு இருப்பாங்க. வேற ஒருத்தர் கடைக்குப் போவோம்" என்று ஓட்டோவை மறித்தார்.

கொம்பனித்தெருவுக்குக் கொண்டுபோனார். பெரிய பெரிய கண்ணாடி மாடிகளுக்குக் கீழே சின்னச் சின்ன வீடுகள், சந்துக்குள் ஒரு முஸ்லிம் ஆளின் புரியாணிக் கடை. பானை பதினொன்றரைக்குத்தான் திறப்பார்களாம், அதுவரை இரண்டு பேரும் அந்தத் தெருக்களைச் சுற்றி நடந்தோம், எந்தக் கடையில் ரொட்டி நல்லது, எங்கே வட்டிலப்பம் நல்லது என்று மட்டும் கையைக் காட்டிக்கொண்டு வந்தார். சைவக் கடை முதலாளி புரியாணி தின்கிறாரா என்று நான் பார்த்த பார்வை விளங்கி, "ஞாயித்துக்கிழம நா இங்கதாங்க. பவளத்துக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சாப்பாடு வந்து இரண்டு வாய் வைத்த பிறகு அவர் சொன்னார், "ஐயா, ஒளிக்காம சொல்றேன், எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லீங்க." மகள், நான் நினைத்துப் போனது என்ன, அங்கே கேட்டது என்ன! வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று ஐந்து மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். என்ட பிள்ளையில என்ன குறை கண்டியள் என்று கேட்டேன், குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒங்க பொண்ணுல ஒரு கொறையும் இல்லீங்க. படிச்ச புள்ள. ஆனா நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்தா பவளம் குடுக்குற டீய குடிப்பாங்களா, தள்ளி வப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. எங்காளுகள வாசல்ல நிக்க வச்சுப் பேசுனவங்கள நா நெறயப் பாத்துட்டேன்" என்றார். நான் விடவில்லை. 2006இல் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் நம் வீட்டில் இரண்டு மாதம் இருந்ததே, பன்னிரண்டு வயதில் நீ உன் கட்டிலை அவர்களின் கிழவனாருக்குக் கொடுத்துவிட்டு நிலத்தில் படுத்தாய், அவர்களின் சின்னப் பிள்ளையோடு ஒரே கோப்பையில் சாப்பிட்டாய், அதெல்லாம் சொன்னேன். நீ சோதனையில் எடுத்த புள்ளிகூடச் சொன்னேன், அதை ஏன் சொன்னேன் என்று தெரியாது. ஒரு மணித்தியாலம் உனக்காக வழக்காடினேன். எல்லாம் கேட்டுவிட்டு அந்த மனிதர் ஒன்றே ஒன்று கேட்டார். "பொண்ணு சரிங்க. நீங்க?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. தைப்பொங்கலன்று உன்னிடம் சொன்னதை ஒரு எழுத்துக் குறைக்காமல் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கையில் எடுத்த இறைச்சித் துண்டைத் திரும்பக் கோப்பையில் வைத்தார். எழும்பிப் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "கழுவியிருக்கேங்க. பதினொரு வருஷம் கழுவியிருக்கேன்" என்றார். பிறகு, "இத வேற யாராவது வந்து சொல்லியிருந்தா ஒங்க மொகத்துலயே முழிச்சிருக்க மாட்டேன். நீங்களே சொல்லிட்டீங்க. சாப்பிடுங்க, ஆறுது" என்றார். நான் சாப்பிட்டேன். கண்ணீர் வந்தது, உறைப்பு என்று சொன்னேன், அவரும் ஓமென்று தலையாட்டிவிட்டுத் தண்ணீரை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, அதையும் மறைக்காமல் உனக்கு எழுதுகிறேன். "ஒங்க வீட்டுக்கு வந்து ஒரு வேள சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். ஆவணி முதல் சனிக்கிழமை அவரும் பவளமும் வருகிறார்கள். எத்தனையோ கப்பலைக் கட்டி இழுத்துத் துறைக்குள் விட்டிருக்கிறேன், இப்படிப் பயந்தது கிடையாது. அம்மாவோ சிரிப்பாகச் சிரிக்கிறார், பவளத்தோடு தினமும் போனில் கதைக்கிறார், கதை முழுக்கக் கறியும் குழம்பும்தான். எனக்கும் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரித்தான் இருக்கிறது. முற்றத்துக் கதிரையில் இருந்து அம்மாவுக்குக் கொழும்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தானும் வந்தவர் என்பதை மறந்து அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மதி, உனக்கு அன்றைக்குச் சொன்னதற்கு அப்பாவை மன்னித்துக்கொள். அதைக் கேட்டுவிட்டும் நீ ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து அப்பா சாப்பிட்டாரா என்று அம்மாவிடம் கேட்டாய், எனக்கு முற்றத்தில் நின்றாலும் கேட்கும். வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே, ஐஸ் பெட்டிச் சாப்பாட்டை மூன்று நாள் சூடாக்கித் தின்னாதே, குளிரில் வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள். கோணேசரும் பத்திரகாளி அம்பாளும் உன்னோடு துணை நிற்கட்டும், நீ நினைத்த வாழ்வு உனக்கு நல்லபடி அமையட்டும். மறக்காமல் ஒன்று செய், தர்சன் அங்கே இருக்கிற வீட்டு விலாசத்தை இங்கிலீசில் தெளிவாக எழுதி அம்மாவின் போனுக்கு அனுப்பு. தர்சனின் தகப்பனுக்கு நேரே சொல்லிவிட்டேன், உனக்கும் எழுதிவிட்டேன், அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு கடிதம் இருக்கிறது, அதை நான்தான் எழுதவேண்டும்.

என்றும் உன் நன்மையையே வேண்டும்
அப்பா,
வே. யோகலிங்கம்