காற்றுத் துளையை அடைத்தவர்

தேஹு ரோடு,
20.9.1998

அன்புள்ள டானியா அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். மஸ்கட் வெயிலில் உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது? இங்கே மழை விட்டபாடில்லை. டானியாவுக்குப் பரீட்சை, படிக்கிற மாதிரி நடிக்கிறாள்.

நம் ஸ்கூல் வேன் விஷயம். பின் அச்சு ஊளையிட்டதும், அச்சின் நடுவிலுள்ள பல் சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் எண்ணெய் வற்றிக் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். டிரைவர் சின்னதுரைதான் எண்ணெயைத் திருடி விற்றுவிட்டான் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தைச் சர்ச் வாசலில் நாலு பேர் முன்னால் வாசித்தவள் நான். அவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

நேற்று மிஸ்திரி அச்சைக் கழற்றினார். ஓட ஓட உள்ளே சூடேறும் காற்று வெளியேற, அச்சின் மேலே சின்னதாக ஒரு துளை உண்டாம். அதில் ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியை யாரோ ஒட்டியிருந்தார்கள். வெளியேற வழியில்லாத காற்று, எண்ணெயைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைத் தள்ளி எண்ணெயைச் சக்கரத்துக்குள் விட்டிருக்கிறது. பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. பதினெட்டுப் பிள்ளைகள் போன வண்டி.

யாரோ இல்லை, நீங்கள்தான். ஜூனில் லீவில் வந்தபோது, ரயில்வே பாலத்தடியில் தேங்கும் மழைத்தண்ணீர் உள்ளே போகக்கூடாதென்று வேனுக்கடியில் படுத்து ஒட்டினீர்கள். டார்ச் பிடித்தது நான். நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள். கெட்டிக்காரத்தனத்துக்கு உங்களிடம் குறைச்சலே இல்லை. இப்போது மிஸ்திரி மூடியை எடுத்துவிட்டு, துளையிலிருந்து ஒரு குழாயை உயரத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார். தண்ணீர் உள்ளே போகாது, காற்று வெளியே வரும். தேய்ந்த பல் சக்கரங்களையும் சீல் வளையத்தையும் பிரேக் கட்டைகளையும் மாற்றியாயிற்று.

இன்று ஆராதனை முடிந்து நேராகச் சின்னதுரை வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மரியம்மாள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. தப்பு எங்களுடையது என்று நின்றபடியே சொன்னேன். சின்னதுரை அடுத்த மாதம் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் கம்பெனி வேலைக்குச் சேரப் போகிறானாம். வேலை பெரிசில்லக்கா, அண்ணன் எழுதினத அண்ணனே மாத்தி எழுதட்டும், அப்புறம் வரேன் என்றான்.

வேறு டிரைவர் நான் பார்க்கப் போவதில்லை. உங்கள் தம்பியையும் அனுப்ப வேண்டாம். ஃபோனும் பண்ண வேண்டாம். ஃபோனில் சொன்னதை நான் யாருக்கு வாசித்துக் காட்டுவது? உங்கள் கைப்பட எழுதுங்கள். அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால் வாசிப்பேன். அதுவரை வேன் நிற்கட்டும்.

கர்த்தர் உங்களைக் காத்து, எழுதுகிற கைக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

உங்கள்,
லீலா