இல்லாமற்போன பதவி

லாசால், மொன்றியல்
12.02.2024

மதிப்புக்குரிய சம்பந்தி அருமைநாதன் அவர்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் காதுக் கருவிக்கும் தொலைபேசிக்கும் ஒத்துவராது என்று மருமகன் பிரசாந் சொன்னபடியால் எழுதுகிறேன்.

சவர்க்காரக் கொம்பனியில் என் வேலை போய்விட்டது. இருபத்திரண்டு வருடம் அங்கே ஆய்வுகூடத்தில் மாதிரிகளைச் சோதித்தேன். "உங்களில் பிழையில்லை, பதவியே இனி இல்லை" என்று முகாமையாளர் கைகொடுத்து அனுப்பினார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேனென்று தெரியவில்லை.

மனைவி நல்லம்மாவின் ஆக்கினை தாங்காமல் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தேன். இந்த மாகாணத்தில் இரண்டு வருடம் வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாதாம். பதவி மெய்யாகவே ஒழிந்திருந்தால் வழக்கு நிற்காது. அதே வேலையை வேறொருவர் செய்கிறார் என்று காட்டினால், திரும்பவும் என் மேசைக்குப் போகலாம். எனக்கு நட்டஈடு வேண்டாம், மேசைதான் வேண்டும். வீட்டில் சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை.

மருமகன் அங்கே பொதி கட்டும் பகுதியில்தான் இருக்கிறார். போன வைகாசியில் நான்தான் சேர்த்துவிட்டேன். அவரிடம் விசாரிக்கச் சங்கடமாக இருக்கிறது.

தங்கள் அன்பின்,
தியாகலிங்கம்

ஸ்காபரோ
27.02.2024

அன்புள்ள தியாகலிங்கம் அண்ணைக்கு,

உங்கட எழுத்து அச்சடிச்ச மாதிரி. என்ர கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கோ. இஞ்ச ஒன்ராறியோவில கையில காசை வைச்சுக் கதவைக் காட்டுவினம், காரணமும் சொல்லமாட்டினம். உங்களுக்குச் சட்டமாவது இருக்கு.

எப்பிடி எழுதுறது அண்ணை. உங்கட மேசையில இப்ப இருக்கிறது பிரசாந்தான். நீங்கள் போன மற்றக் கிழமையே அவனை மேல கூப்பிட்டு, வேற பேர் வைச்சு அதே வேலையைக் குடுத்திருக்கினம். உங்கட முகத்தில முழிக்க ஏலாதெண்டு என்னட்டச் சொல்லி அழுதான். நான் உங்களுக்கு எழுதுறது அவனுக்குத் தெரியாது.

உங்கட மகள் கஜந்தினிக்கும் இது ஆறாம் மாதம். நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் படிச்ச மனுசன்.

அருமைநாதன்

லாசால்
21.04.2024

சம்பந்தி அவர்களுக்கு,

மறுமொழி பிந்தியதற்குப் பொறுக்கவும். எழுதி எழுதிக் கிழித்தேன்.

சமரசக் கூட்டம் டவுன்டவுனில் நடந்தது. "உங்கள் வேலையை இப்போது யார் செய்கிறார்?" என்று சமரசம் பேச வந்த அம்மா பிரெஞ்சில் கேட்டார். விளங்கவில்லையாக்கும் என்று ஆங்கிலத்திலும் கேட்டார். "தெரியாது" என்றேன். முறைப்பாட்டையும் திரும்பப் பெற்றுவிட்டேன். கொம்பனி வழக்கறிஞர் எனக்குக் குடிக்கக் கோப்பி எடுத்துத் தந்தார். செய்தது சரியா பிழையா என்று இன்னும் முடிவு காணவில்லை.

பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மருமகன் தலை நிமிராமல் சாப்பிட்டார். உறைப்புக் காணுமோ என்று மட்டும் கேட்டேன்.

ஒரு விசயம். அந்த மேசையின் இடப்பக்க லாச்சி இறுகும். சற்றுத் தூக்கி இழுக்கவேண்டும். நான் சொன்னதாகச் சொல்லாமல் அவருக்குச் சொல்லுங்கள்.

தியாகலிங்கம்

லாசால்
03.11.2024

சம்பந்தி அவர்களுக்கு,

பேரன் குப்புறப் புரளத் தொடங்கிவிட்டான்.

ஆய்வுகூடத்துக்கு இயந்திரம் வந்து, மருமகனை அனுப்பிவிட்டார்கள். கீழே அவருடைய பழைய இடத்துக்கும் வேறு ஆள் வந்தாயிற்று. "எங்க மாமா முறையிடுறது?" என்று கேட்டு வந்தார். எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக விளக்கினேன். அவருக்கு இரண்டு வருடம் ஆகவில்லை. அந்தச் சட்டம் அவருக்கு இல்லை.

பிறகு, "லாச்சியைத் தூக்கி இழுக்கச் சொல்லி அப்பா சொன்னவர். அது உங்களைத் தவிர ஆருக்குத் தெரியும்? நான் அந்த மேசையில இருக்கிறன் எண்டு தெரிஞ்சும் ஏன் மாமா கூட்டத்தில சொல்லேல்லை? சொல்லியிருந்தா நீங்கள் மேல, நான் கீழ. ரெண்டு பேருக்கும் வேலை இருந்திருக்கும்" என்றார்.

"ஆரைக் கேட்டு அப்பா விட்டுக்குடுத்தனீங்கள்?" என்றாள் கஜந்தினி. அதன் பின் அவள் என்னோடு கதைக்கவில்லை.

வருகிற கிழமை அவர்கள் உங்களிடமே குடிவருகிறார்கள். பேரன் வந்தால் படுக்க எங்கள் வீட்டில் போட்டிருந்த தொட்டிலைக் கழற்றிக் கட்டிவிட்டேன். ஆணிகளை ஒரு பையில் போட்டு, எது எங்கே என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நல்லம்மா தொட்டில் இருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டாள்.

மாசியில் நீங்கள் எழுதிய கடிதத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நீங்களும் திறக்கவேண்டாம். பிள்ளைகளுக்குப் போய் இருக்க ஒரு வீடாவது வேண்டும்.

தியாகலிங்கம்