சிரம்பான் வீட்டு வக்கீல் ஃபீஸ்

குன்னத்துகால்,
1954 ஜூலை 18

மலாயாவில் சிரம்பான் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருக்கும் என் பிரியமுள்ள கணவர் ஜெயதாஸ் அவர்களுக்கு, சத்தியபாய் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். பசு சுகம். கிணற்றில் தண்ணீர் உண்டு. நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறர் எழுதி நீங்கள் அறிவதைவிட அது நல்லது. போன செவ்வாய்க்கிழமை என்னைப் போலீஸ் பிடித்தது. சாயங்காலமே விட்டுவிட்டார்கள். பயப்பட வேண்டாம்.

காரணம் உங்கள் சிரம்பான் வீடுதான். இருவர் பெயரிலும் வாங்குவதால் எனக்காக நீங்கள் கையெழுத்திட என் முக்தியார் பத்திரம் வேண்டும் என்று எழுதினீர்களே, அதை நெய்யாற்றின்கரை வக்கீல் பரமசிவன் எழுதித் தந்த அன்றே அறுபது ரூபாய் ஃபீஸைக் கொடுத்துவிட்டேன். வீடு வாங்கும் செலவோடு இதுவும் சுமையாக வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்களோ என் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லாமல் அதே அறுபதை அவருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நாம் ஒருவருக்கொருவர் மறைத்த அன்பையெல்லாம் வக்கீல் ரசீதில்லாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

இருவரும் கொடுத்தது கடிதத்தில் வெளிவந்ததும், போனால் போகட்டும், வக்கீலிடம் சண்டை வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டைப் பற்றி மூன்று கடிதம் எழுதினீர்கள். ஓடு, சாக்கடை, பக்கத்துச் சீனர் வளர்க்கும் வாத்துகள் எல்லாம் இருந்தன. அதில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று மட்டும் இல்லை. எட்டு வருஷத்தில் இரண்டே முறை லீவில் வந்தவர் அங்கே நிரந்தரமாக ஒரு வீடு வாங்கினால் மனைவி என்ன நினைப்பாள்? கேட்க எனக்கு வாய் வரவில்லை. அறுபது ரூபாயைக் கேட்பது அதைவிட எளிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு நெய்யாற்றின்கரை போனேன். தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் இப்போது கோர்ட் வாசலுக்கே வந்துவிட்டது. எல்லைக் கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. பனச்சமூடு சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்குவதுகூட வெளியூர்ப் பயணம் ஆகலாம் என்கிறார்கள். வக்கீலைத் தேடினால், கோர்ட் படியில் இரண்டாவது வரிசையில் மறியலுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

எழுந்து ஓரமாக வரச் சொன்னேன். “இப்பம் எழும்ப ஒக்காது டீச்சரே, எழும்பினா போராட்டம் தோத்ததாக்கும்” என்றார். நின்றுகொண்டே கேட்கலாம் என்றால் கோஷத்துக்கு மேலே கத்த வேண்டும். பணத்தைப் பற்றிப் பொது இடத்தில் நான் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அந்தக் கூச்சத்தினால்தான், குடையை மடக்கி அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். நான் “அறுபது” என்பேன், அவர் கையைத் தூக்கி “வாழ்க” என்பார். மூன்றாவது வாழ்கவில் போலீஸ் வண்டி வந்தது.

நான் சமரத்துக்கு வரவில்லை, வக்கீலிடம் ஃபீஸைத் திருப்பி வாங்க வந்தேன் என்று இன்ஸ்பெக்டரிடம் நல்ல மலையாளத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “வக்கீலின்றெ கையில் நின்னோ? டீச்சரே, அதினெக்காள் எளுப்பம் நாடு கிட்டும்” என்றார். வக்கீல் கையிலிருந்து பணம் வாங்குவதைவிட, இவர்கள் கேட்கும் தமிழ்நாடு கிடைப்பது எளிதாம்! சொல்லிவிட்டு என்னையும் ஏற்றினார்.

ஸ்டேஷனில் வக்கீல் பேசினார், எச்சரித்து எல்லோரையும் விட்டார்கள். வெளியே எங்களுக்குச் செவ்வரளி மாலை. என் கழுத்திலும் ஒன்று விழுந்தது, கழற்ற முடியவில்லை. உடனே வக்கீல், என்னை விடுவித்ததற்கான ஃபீஸ் அந்த அறுபதில் கழிந்துபோயிற்று என்றார். மாலையோடு நின்று கணக்குச் சொன்னேன்: நீங்கள் விடுவித்தது இருபத்திரண்டு பேரை. என் பங்கு மூன்று ரூபாய்க்கும் குறைவு. அதிலும் என்னை உள்ளே கொண்டுபோனவரே நீங்கள்தான். சுற்றி நின்றவர்கள் மறியலில் எழுப்பியதைவிடப் பெரிய சத்தம் எழுப்பினார்கள். “எனக்கப் பொன்னு டீச்சரே, நாளைக்கு ஆபீசுக்கு வாருங்க” என்று கும்பிட்டார்.

மறுநாள் போனேன். அறுபதையும் மேசையில் எண்ணி வைத்தார். பிறகு காகிதக் கட்டைப் பிரித்து, பணத்தோடு நீங்கள் அவருக்கு அனுப்பிய கடிதத்தை எடுத்தார். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். “இதையும் கொண்டு போங்க. இது எனக்கு எழுதின கடிதம் இல்லேயாக்கும்” என்றார்.

பஸ்ஸில் வாசித்தேன். அமரவிளையில் சில்லறை கேட்ட கண்டக்டருக்கு அறுபதையும் நீட்டினேனாம்.

“முக்தியார் சீக்கிரம் வந்தால் கிறிஸ்துமசுக்கு முன் அவளை அழைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தை விட்டுவர அவளுக்கு மனம் வராது என்று பயந்து இதுவரை கேட்கவில்லை. அவள் உட்கார்ந்து வாசிக்க வெளிச்சமுள்ள அறை இருப்பதால்தான் இந்த வீட்டையே எடுக்கிறேன்.” ஒரு வக்கீலுக்கு, அதுவும் ஃபீஸ் அனுப்பும் கடிதத்தில்!

பள்ளிக்கூட மானேஜர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அவர் நம்பவில்லை. மேல் வகுப்புப் பிள்ளைகளோ என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள், முன்பு இவ்வளவு இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தை விட எனக்கு மனம் வருமா என்று கேட்டால், கஷ்டம்தான். வராது என்று நான் சொன்னேனா? நீங்கள் கேட்டால்தானே தெரியும்.

அறுபது ரூபாய் பைபிளுக்குள் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலுக்கு என்ன ஆகும் என்று சும்மா விசாரித்தேன். மீதியை என் சேமிப்பில் எடுக்கலாம். பசுவை விமலகுமாரி டீச்சர் வாங்கிக்கொள்வாள். ராஜினாமாவும் எழுதி வைத்திருக்கிறேன், தேதி மட்டும் போடவில்லை.

கர்த்தர் உங்களுக்குச் சுகத்தையும் கொஞ்சம் தைரியத்தையும் தருவாராக. எனக்கு எழுத வேண்டியதை இனி எனக்கே எழுதுங்கள். அதையும் வக்கீலுக்கு அனுப்பினால் மறுபடி நான் கோர்ட் படியில் போய் உட்கார வேண்டிவரும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சத்தியபாய்