பதின்மூன்று சீட்டும் கழுதைப் பட்டமும்

துவைக்க எடுத்த சட்டையின் பையிலிருந்து பதின்மூன்று சீட்டுகளை என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். உன் சாவு வீட்டு ஊதுவத்தி வாசம் இன்னும் அவற்றில் இருக்கிறது. முகர்ந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சேதராப்பட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் பின்வரிசையில், மடியில் துண்டை விரித்து நாம் நால்வரும் கழுதை ஆடுவோம். போட்ட இனம் கையில் இல்லாதவன் வேறு இனம் போட்டு வெட்டுவான். பெரிய சீட்டுப் போட்டவன் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவன் கழுதை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒருநாள் பேச்சு வந்தது.

"புத்தி இல்லாதவன் தோக்கறான், அதான் கழுத" என்றாய்.

"புத்திக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லடா. நீங்க தூக்கிப் போட்டதெல்லாம் அவன் சுமக்கறான் பாரு, அதான்."

"அப்போ நீயே சுமடா" என்று சிரித்தாய்.

அன்றைக்கே ஆட்டின் இனம் கையில் இல்லை என்று வெட்டினாய். நான் அள்ளினேன், தோற்றேன். இறங்குவதற்கு நீ எழுந்தபோது உன் தொடைக்கடியில் ஆட்டின் ஏழு கிடந்தது. நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பஸ்ஸே "கழுத, கழுத" என்று சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆட்டத்தில் வேறொருவன் தோற்றால் பட்டம் இறங்கிவிடும் என்பது நம் வழக்கம். என் பட்டத்தை மட்டும் நீ இறங்கவே விடவில்லை. என் மகளின் நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி முன்னாலேயே "வாடா கழுத" என்றாய். உன்னை நாலு பேர் முன்னால் கழுதையாக்காமல் விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

பிரான்சிலிருந்து உன் மகன் வந்து சேருவதற்காகக் காத்திருந்த மத்தியானம், சாரம் பகுதியில் உன் வீட்டு வாசல் பந்தலுக்குச் சீட்டுக்கட்டு வந்தது. சாவு வீட்டில் அது வழக்கம்தானே. பஸ் கூட்டாளிகள் இருவரும் நானும் உட்கார்ந்தோம். நான் நாலு பேருக்குப் போட்டேன்.

"செத்தவனுக்கு எதுக்குடா சீட்டு?" என்றான் ஒருவன்.

"ஆடிட்டுப் போவட்டும்" என்றேன்.

ஒவ்வொருவராகக் கையைக் காலி செய்தோம். காலி நாற்காலியில் உன் பதின்மூன்று சீட்டும் அப்படியே கிடந்தன. அள்ளிக்கொண்டு உள்ளே போய், ஐஸ் பெட்டி மேல் குனிந்து, "நீதான்டா கழுத" என்றேன். நெஞ்சு குளிர்ந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சீட்டுகளை உன் கால்மாட்டில் வைத்தேன்.

உன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரோட இத அனுப்ப வேணாம்ண்ணா. நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்று என் கையில் திணித்தாள். அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படி மறுக்க முடியும்?

ஆக, இன்றும் சீட்டு என் கையில்தான். போகிற போக்கில்கூட என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். தூக்கிப் போட மனம் வரவில்லை. நானும் அங்கே வரும்போது கொண்டுவருகிறேன். முதலில் உன்னை எழுந்து நிற்கச் சொல்வேன். தொடைக்கடியில் பார்த்துவிட்டுத்தான் சீட்டுப் போடுவேன்.